யார் கையில் எந்தச் சாவி? கிளவுட் அனுமதித் தணிக்கை: வாசகர் கேள்வி பதில்

கிளவுட் அனுமதிகளைப் பைத்தான் நிரல் எழுதித் தணிக்கை செய்வது பற்றிச் சந்தேகங்களை எழுதும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை பெங்களூரு வாசகர்களுடையவை, ஒன்றைத் தவிர எல்லாமே அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் பற்றியவை. கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி தந்திருக்கிறோம். நிரலில் எழுதும்போது அவை முழுக்கச் சிறிய எழுத்தில் வரும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அடிக்கோடு இருக்கும்.

கேள்வி: எங்கள் ஸ்டார்ட்அப்பில் 40 பேர், ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரே அக்கவுண்ட். ஐந்து வருஷமாக வந்தவர் போனவர் எல்லாருக்கும் அனுமதி கொடுத்து வைத்திருக்கிறார்கள். இப்போது ஒரு வாடிக்கையாளர் தணிக்கை அறிக்கை கேட்கிறார். கன்சோலில் ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்து மாளவில்லை. பைத்தான் ஓரளவு தெரியும். எங்கே தொடங்கட்டும்?
— வாசகர், எச்எஸ்ஆர் லேஅவுட்

பதில்: தணிக்கை செய்பவருக்கு என்ன அனுமதி என்பதிலிருந்து தொடங்குங்கள். அட்மின் கணக்கில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். தனியாக ஒரு ரோல் (தற்காலிகமாக ஏற்று வேலை செய்யும் அடையாளம்) உருவாக்கி, அதில் ஏடபிள்யூஎஸ்ஸே தரும் 'செக்யூரிட்டி ஆடிட்' பாலிசியை (எதற்கெல்லாம் அனுமதி என்று எழுதிய ஆவணம்) இணையுங்கள். பலர் 'ரீட் ஒன்லி அக்சஸ்' போதும் என்று நினைக்கிறார்கள். அது எஸ்3 எனும் சேமிப்புச் சேவையின் பக்கெட்டுக்குள் இருக்கும் கோப்புகளின் உள்ளடக்கத்தையும் படிக்க விடும். அனுமதிகளைப் பார்க்க வந்தவருக்கு வாடிக்கையாளரின் ஆவணம் எதற்கு? 'செக்யூரிட்டி ஆடிட்' அமைப்புகளை மட்டும் காட்டும்.

பைத்தானிலிருந்து ஏடபிள்யூஎஸ்ஸை அழைக்கும் நூலகம் போட்டோ3. இந்தப் போட்டோவுக்கும் நாம் எடுக்கும் போட்டோவுக்கும் சம்பந்தமில்லை, அமேசான் ஆற்றில் வாழும் ஒரு டால்ஃபினின் பெயர் அது. தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் பிப் மூலம் நிறுவிக்கொள்ளுங்கள். முதல் வரியாக, தற்காலிகச் சாவிகள் வழங்கும் சேவையான எஸ்டிஎஸ் கிளையன்ட்டில் 'கெட் காலர் ஐடென்டிட்டி' அழைத்து, எந்த அக்கவுண்டில் எந்த ரோலாக நிற்கிறீர்கள் என்று அச்சிட்டுப் பாருங்கள். லேப்டாப்பில் நாலைந்து புரொஃபைல்கள் இருக்கும்போது, டெஸ்ட் அக்கவுண்டைத் தணிக்கை செய்துவிட்டு புரொடக்ஷன் சுத்தமாக இருக்கிறது என்று அறிக்கை கொடுத்துவிடும் ஆபத்து உண்டு.

அடுத்து, அனுமதிகளை நிர்வகிக்கும் சேவையான ஐஏஎம் கிளையன்ட்டில் 'கெட் அக்கவுண்ட் ஆதரைசேஷன் டீடெய்ல்ஸ்'. யூசர், குரூப், ரோல், பாலிசி நான்கையும் இந்த ஒரே அழைப்பு தந்துவிடும். எண்ணிக்கை எதுவும் குறிப்பிடாமல் நேரடியாக அழைத்தால் ஒரு தடவைக்கு 100 உருப்படிகள் வரைதான் வரும், மீதி இருப்பதை 'இஸ் டிரங்கேட்டட்' என்ற புலம் மட்டும் சொல்லும். அதைக் கவனிக்காத நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் பாதிப் பட்டியலோடு நின்றுவிடும். அதனால் 'கெட் பேஜினேட்டர்' வழியாகவே எடுங்கள். வந்ததை அப்படியே ஜேசன் கோப்பாகத் தேதி போட்டுச் சேமியுங்கள். தேதிப் புலங்களை ஜேசன் ஏற்காமல் 'டைப் எரர்' தரும். 'டம்ப்' அழைப்பில் டீஃபால்ட் என்ற இடத்தில் எஸ்டிஆர் என்று கொடுத்தால் சரியாகிவிடும். அந்தக் கோப்பு பின்னால் நீங்கள் எதையாவது தவறாக நீக்கிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பவும் உதவும்.

இனி ஒவ்வொரு யூசருக்கும் அனுமதி எந்த வழியில் வருகிறது என்று பிரியுங்கள். அவர் மேலேயே எழுதிய இன்லைன் பாலிசி, அவரோடு இணைத்த பாலிசி, அவர் இருக்கும் குரூப்பின் இன்லைன் பாலிசி, அந்தக் குரூப்போடு இணைத்த பாலிசி என நான்கு வழி. இணைத்த பாலிசிகளை மட்டும் பட்டியலிடும் நிரல்கள்தான் இணையத்தில் அதிகம் கிடைக்கின்றன. அவசரத்துக்கு யாரோ எழுதிவைத்த இன்லைன் பாலிசி அவற்றின் கண்ணில் படாது. அவசரத்தில் கொடுத்த அனுமதிகள்தானே பெரும்பாலும் அளவுக்கு மீறியவை!

இன்னொன்று. ஒரு மேனேஜ்டு பாலிசிக்கு (மேலே சொன்ன, தனியாக எழுதி இணைக்கும் பாலிசி) 5 வெர்ஷன்கள் வரை இருக்கலாம். அவற்றில் 'இஸ் டீஃபால்ட் வெர்ஷன்' உண்மை என்றிருக்கும் ஒன்றுதான் அமலில் இருப்பது. பட்டியலின் முதல் உருப்படியை எடுத்துப் படித்தால், அமலில் இல்லாத பாலிசியைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

கேள்வி: ஆக்ஷன் (எந்தச் செயல்), ரிசோர்ஸ் (எதன் மேல்) இரண்டுமே நட்சத்திரக் குறியாக (எல்லாம்) உள்ள பாலிசிகளைத் தேட நிரல் எழுதினேன். மூன்றுதான் கிடைத்தன. வெளியிலிருந்து வந்த ஆடிட்டர், அட்மின் ஆகக்கூடியவர்கள் பதினொரு பேர் இருப்பதாகச் சொல்கிறார். என் நிரல் எதைத் தவறவிட்டது?
— வாசகி, மாரத்தஹள்ளி

பதில்: இரண்டு அடுக்குகளில் தவறியிருக்கும்.

முதல் அடுக்கு, படிப்பதில். பாலிசியில் 'ஸ்டேட்மென்ட்' பட்டியலாகவும் இருக்கலாம், ஒரே உருப்படியாகவும் இருக்கலாம். 'ஆக்ஷன்', 'ரிசோர்ஸ்' இரண்டும் அப்படித்தான். ஒற்றைச் சரமாக வந்ததைப் பட்டியல் என்று நினைத்துச் சுற்றினால் பைத்தான் அதை எழுத்து எழுத்தாகப் பிரித்துவிடும், எதுவும் பொருந்தாது. படித்தவுடனே எல்லாவற்றையும் பட்டியலாக மாற்றும் ஒரு சிறு ஃபங்ஷன் வையுங்கள். ஆக்ஷன் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் சிறிய எழுத்தாக்குங்கள். நட்சத்திரக் குறி பெயரின் நடுவிலும் வரும், கேள்விக்குறியும் வரும். பிறகு 'நாட் ஆக்ஷன்'. அனுமதிக்கும் ஸ்டேட்மென்ட்டில் அது இருந்தால், சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுமதி என்று பொருள். ஐஏஎம் தவிர எல்லாம் என்று எழுதிய பாலிசியில் ஆக்ஷன் என்ற புலமே இருக்காது. உங்கள் நிரல் அதைத் தாண்டிப் போயிருக்கும்.

இரண்டாவது அடுக்குதான் முக்கியம். அட்மின் ஆக நட்சத்திரக் குறி தேவையில்லை. தன் அனுமதியைத் தானே உயர்த்திக்கொள்ள ஒரு வழி இருந்தால் போதும். 'கிரியேட் பாலிசி வெர்ஷன்' இருப்பவர், தன்னோடு இணைந்திருக்கும் பாலிசிக்குப் புது வெர்ஷன் எழுதி, அந்த அழைப்பிலேயே அதை நடப்பு வெர்ஷனாகவும் ஆக்கிக்கொள்ளலாம். 'அட்டாச் யூசர் பாலிசி', 'புட் யூசர் பாலிசி' இரண்டும் அதே கதை. 'கிரியேட் அக்சஸ் கீ' அனைத்து யூசர்கள் மேலும் இருந்தால், அட்மின் பெயரில் ஒரு சாவி செய்துகொள்ளலாம். 'அப்டேட் லாகின் புரொஃபைல்' இருந்தால் அடுத்தவரின் கடவுச்சொல்லையே மாற்றலாம். 'ஆட் யூசர் டு குரூப்' இருந்தால் அட்மின் குரூப்பில் தன்னையே சேர்க்கலாம். 'அப்டேட் அஸ்யூம் ரோல் பாலிசி'யும் அந்த ரோலை ஏற்கும் அனுமதியும் இருந்தால் பெரிய ரோலின் கதவைத் தன் பக்கம் திறந்துகொள்ளலாம்.

இவற்றிலெல்லாம் அதிகம் கவனம் தப்புவது 'பாஸ் ரோல்'. அது தனியாக ஒன்றும் செய்யாது. கூடவே லாம்டா ஃபங்ஷன் (சர்வரை நாம் பராமரிக்காமல் ஓடும் சிறு நிரல்) உருவாக்கி இயக்கும் அனுமதியோ, இசி2 சர்வர் எழுப்பும் அனுமதியோ இருந்தால், அந்த ஃபங்ஷனுக்கோ சர்வருக்கோ அட்மின் ரோலைக் கொடுத்து, அதற்குள் நின்று எதையும் செய்யலாம். டெவலப்பர்களுக்கு லாம்டா முழுவதும், 'பாஸ் ரோல்' எல்லா ரிசோர்ஸிலும் என்று கொடுத்திருந்தால் அவர்கள் எல்லாரையும் அட்மின் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஆடிட்டரின் பதினொன்று அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

இந்த ஆக்ஷன்களை ஒரு பட்டியலில் வைத்து, ஒவ்வொரு யூசருக்கும் ரோலுக்கும் 'சிமுலேட் பிரின்சிபல் பாலிசி' ஓட்டுங்கள். 'அலவுடு', 'எக்ஸ்பிளிசிட் டினை', 'இம்ப்ளிசிட் டினை' என்று மூன்றில் ஒரு பதில் வரும். வெளிப்படையான டினை (மறுப்பு) எந்த அனுமதியையும் வெல்லும் என்பதையும், பர்மிஷன் பவுண்டரி (அனுமதிகளுக்கு வைத்த மேல்வரம்பு) இருந்தால் அதையும் அது கணக்கில் எடுக்கும். ஒரு பொறி உண்டு: 'ரிசோர்ஸ் ஏஆர்என்ஸ்' (ஏஆர்என் என்பது ஒரு ரிசோர்ஸின் முழு முகவரி) கொடுக்காமல் விட்டால் எல்லா ரிசோர்ஸும் என்று எடுத்துக்கொண்டு சோதிக்கும். குறிப்பிட்ட ஒரு ரோலுக்கோ பக்கெட்டுக்கோ மட்டும் அனுமதி உள்ளவருக்கு அப்போது 'இம்ப்ளிசிட் டினை' வரும். நிம்மதியாக அடுத்தவருக்குப் போய்விடுவீர்கள். அட்மின் ரோலின் ஏஆர்என், முக்கியமான பக்கெட்டின் ஏஆர்என் இவற்றைக் கையால் கொடுத்துச் சோதியுங்கள். பக்கெட்டின் சொந்தப் பாலிசியை இது தானாகப் போய் எடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: சாவி உருவாக்கிய தேதியை டேட்டைம் நவ் உடன் கழித்தால் 'டைப் எரர்' வருகிறது. ஏன்?
— மாணவர், கே.ஆர். புரம்

பதில்: போட்டோ3 தரும் தேதிகள் யுடிசி நேர மண்டலத்தோடு வருகின்றன. உங்கள் 'நவ்' மண்டலம் இல்லாதது. 'டேட்டைம் நவ்' அடைப்புக்குள் 'டைம்சோன் யுடிசி' கொடுங்கள். மண்டலத்தை வெட்டி எறிந்து ஒப்பிடும் குறுக்கு வழி வேண்டாம், அறிக்கையில் ஐந்தரை மணி நேரம் பிசகும்.

கேள்வி: யார் எந்த அனுமதியைப் பயன்படுத்தவே இல்லை என்று கண்டுபிடிக்க முடியுமா? மூன்று மாதம் தொடாததை எல்லாம் எடுத்துவிடலாம் என்பது எங்கள் குழுவின் யோசனை.
— வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: கண்டுபிடிக்கலாம். மூன்று மாத வரம்பு மட்டும் வேண்டாம்.

சாவிகளுக்கும் கடவுச்சொல்லுக்கும் 'ஜெனரேட் கிரெடென்ஷியல் ரிப்போர்ட்' அழைத்து, நிலை 'கம்ப்ளீட்' ஆனதும் 'கெட் கிரெடென்ஷியல் ரிப்போர்ட்' எடுங்கள். வருவது பைட்ஸ், டீகோடு செய்தால் சிஎஸ்வி. ஒவ்வொரு யூசருக்கும் எம்எஃப்ஏ (கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பு) உண்டா, இரண்டு சாவிகளும் உயிரோடு உள்ளனவா, கடைசியாக எப்போது மாற்றினார்கள், எப்போது பயன்படுத்தினார்கள் எல்லாம் அதில் இருக்கும். ரூட் (அக்கவுண்டின் உரிமையாளர்) கணக்குக்கும் ஒரு வரி உண்டு. ரூட்டில் சாவி இருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள். இந்த அறிக்கை 4 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதிதாக உருவாகும். காலையில் ஒரு சாவியை முடக்கிவிட்டு உடனே நிரலை ஓட்டினால் பழைய அறிக்கையே வந்து, சாவி இன்னும் உயிரோடு இருப்பதாகச் சொல்லும். பதறி மறுபடி மறுபடி முடக்க வேண்டாம். தேதி இருக்க வேண்டிய இடத்தில் 'என்/ஏ', 'நோ இன்ஃபர்மேஷன்' போன்ற சொற்கள் வரும், அவற்றைத் தேதியாக மாற்ற முயன்றால் நிரல் நின்றுவிடும்.

அனுமதிகளுக்கு 'ஜெனரேட் சர்வீஸ் லாஸ்ட் அக்சஸ்டு டீடெய்ல்ஸ்'. இது ஒரு ஜாப் ஐடி தரும். சில விநாடி கழித்து அதைக் கொடுத்து முடிவை எடுக்க வேண்டும். 400 நாள் வரையிலான தகவல் கிடைக்கும். ஒருபோதும் தொடாத சர்வீஸுக்கு 'லாஸ்ட் ஆதென்டிகேட்டட்' புலம் வெறுமையாக வருவதில்லை, புலமே இருக்காது. சதுர அடைப்பில் எடுத்தால் 'கீ எரர்'. 'கெட்' வழியாக எடுங்கள். தொட்ட தேதி இருப்பதாலேயே அனுமதி தேவை என்றும் முடிவு செய்யாதீர்கள். மறுக்கப்பட்ட முயற்சியும் இதில் பதிவாகும்.

இப்போது உங்கள் மூன்று மாதம். கணக்கு முடிக்கும் நிரல் மார்ச் கடைசியில் மட்டும் ஓடும். பேரிடர் ஒத்திகைக்கான ரோல் வருஷத்துக்கு ஒரு முறை விழிக்கும். 90 நாள் வரம்பு வைத்தால் இரண்டும் பயனற்றவை என்று பட்டியலில் வந்துவிடும். மனிதர்களின் சாவிக்கு 90 நாள் வைக்கலாம். ரோலுக்குக் கையிலிருக்கும் 400 நாள் முழுவதையும் பாருங்கள், அப்போது ஒரு முழு நிதியாண்டு அதற்குள் அடங்கிவிடும்.

மனிதர்களை விட்டு சர்வர்களின் ரோல்களில் அதிக நேரம் செலவிடுங்கள் என்பது எங்கள் கருத்து. 2019-ல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியிலிருந்து சுமார் 10 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் போனபோது, திருடு போனது ஊழியரின் கடவுச்சொல் அல்ல. ஒரு சர்வருக்குக் கொடுத்திருந்த ரோலின் தற்காலிகச் சாவிகள். அந்த ரோலுக்கு எஸ்3 பக்கெட்டுகளைப் பட்டியலிட்டு நகலெடுக்கும் அனுமதி இருந்தது.

கேள்வி: ஒரு ரோலின் டிரஸ்ட் பாலிசியில் (அந்த ரோலை யார் ஏற்கலாம் என்று சொல்வது) இன்னொரு கம்பெனியின் அக்கவுண்ட் எண்ணும் 'ரூட்' என்பதும் இருக்கிறது. அவர்களுடைய ரூட் யூசர் மட்டும்தானே உள்ளே வரமுடியும்? விட்டுவிடலாமா?
— வாசகர், அல்சூர்

பதில்: விடக்கூடாது. அந்த இடத்தில் 'ரூட்' என்பது அந்த அக்கவுண்ட் முழுவதையும் குறிக்கும். அங்கே யார் யாருக்கு அனுமதி என்பதை அந்தக் கம்பெனி முடிவு செய்துகொள்ளும், உங்களைக் கேட்காது. பிஜி வீட்டில் ஒருவருக்குச் சாவி கொடுத்து, அவர் யாருக்கு வேண்டுமானாலும் நகல் எடுத்துத் தரலாம் என்று சொன்ன மாதிரி. முடிந்தால் அவர்களுடைய குறிப்பிட்ட ரோலின் ஏஆர்என்னை மட்டும் எழுதச் சொல்லுங்கள். கண்காணிப்புச் சேவை தரும் வெளிக் கம்பெனி என்றால் 'எக்ஸ்டர்னல் ஐடி' நிபந்தனையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுடைய வேறொரு வாடிக்கையாளர் உங்கள் ரோலின் ஏஆர்என்னைத் தன்னுடையது என்று பதிவு செய்து, அவர்கள் வழியாகவே உங்கள் அக்கவுண்டுக்குள் எட்டிப் பார்க்கலாம்.

நிரலில் எல்லா ரோல்களின் 'அஸ்யூம் ரோல் பாலிசி டாக்குமென்ட்'டையும் சுற்றி வந்து, பிரின்சிபலில் (அனுமதி பெறுபவர்) உள்ள 12 இலக்க அக்கவுண்ட் எண்களைப் பொறுக்குங்கள். உங்களுடையவை அல்லாதவற்றைத் தனித் தாளில் எழுதி, ஒவ்வொன்றும் யாருடையது என்று கேளுங்கள். யாருக்கும் தெரியாத எண் ஒன்றாவது மிஞ்சும் வாய்ப்பு அதிகம். எண்ணுக்குப் பதில் ஏஐடிஏ, ஏஆர்ஓஏ என்று தொடங்கும் நீண்ட குறியீடு இருந்தால், அனுமதி பெற்றிருந்த யூசரோ ரோலோ அழிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். கிட்ஹப் தளத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸுக்குத் திறந்த ரோல்களில் 'சப்' நிபந்தனை உங்கள் ரெப்போவின் பெயரைச் சொல்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பழைய ரோல் ஒன்று இருந்தால், கிட்ஹப்பில் யாருடைய ரெப்போவும் அதைக் கேட்டு வாங்கலாம்.

எஸ்3 பக்கம், 'கெட் பப்ளிக் அக்சஸ் பிளாக்' அழைத்தால் நான்கு அமைப்புகள் வரும், நான்கும் உண்மையாக இருக்க வேண்டும். அமைப்பே இல்லாத பக்கெட்டுக்கு வெறுமையான பதில் வராது, பிழை எழும். 'கிளையன்ட் எரர்' என்று பிடித்து 'பாஸ்' போட்டுவிட்டால், பாதுகாப்பே இல்லாத பக்கெட்டுகள்தான் அறிக்கையிலிருந்து காணாமல் போகும். பிழையின் குறியீட்டைப் பாருங்கள். 'நோ சச் பப்ளிக் அக்சஸ் பிளாக் கான்ஃபிகரேஷன்' என்றால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. 'அக்சஸ் டினைடு' என்றால் உங்களால் பார்க்க முடியவில்லை என்று தனியாகக் குறியுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து புதுப் பக்கெட்டுகளுக்கு இந்தத் தடுப்பு தானாகவே வருகிறது. அதற்கு முந்தியவற்றை முதலில் பாருங்கள்.

கேள்வி: எங்களிடம் 30 அக்கவுண்டுகள். எல்லா ரீஜியனையும் சுற்றினால் நிரல் மணிக்கணக்கில் ஓடி, நடுவில் 'திராட்லிங்' (அழைப்புகள் அதிகம் என்ற மறுப்பு) என்று நின்றுவிடுகிறது.
— வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: ஐஏஎம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். அதை ரீஜியன் தோறும் கேட்பதாலேயே ஒரே பதில் பத்துப் பதினைந்து முறை வந்து நேரம் போகிறது. அக்கவுண்டுக்கு ஒரு தடவை போதும். கேஎம்எஸ் (குறியாக்கச் சாவிகள்), எஸ்கியூஎஸ் (செய்தி வரிசைகள்), லாம்டா, சீக்ரெட்ஸ் மேனேஜர் இவற்றின் பாலிசிகளுக்கு மட்டும் ரீஜியன் சுற்றுங்கள். 'டிஸ்க்ரைப் ரீஜியன்ஸ்' திறந்திருக்கும் ரீஜியன்களை மட்டும் தரும். மும்பையை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். ஹைதராபாத்திலோ வர்ஜீனியாவிலோ யாரோ சோதனைக்கு ஏற்றியது கிடக்கும்.

அக்கவுண்டுப் பட்டியலை ஆர்கனைசேஷன்ஸ் கிளையன்ட்டின் 'லிஸ்ட் அக்கவுண்ட்ஸ்' தரும். ஒவ்வொன்றிலும் ஒரே பெயரில் தணிக்கை ரோல் வைத்து, 'அஸ்யூம் ரோல்' மூலம் நுழையுங்கள். ஏற்கெனவே ஒரு ரோலில் நின்றுகொண்டு இன்னொன்றை ஏற்றால் அந்த அமர்வு அதிகபட்சம் 1 மணி நேரம்தான். அதனால் 30 அமர்வுகளையும் தொடக்கத்திலேயே திறந்து வைக்காமல், அந்தந்த அக்கவுண்டின் முறை வரும்போது திறங்கள். கான்ஃபிக்கில் ரீட்ரை முறையை 'அடாப்டிவ்' ஆக்கி, முயற்சி எண்ணிக்கையை 10 வைத்தால் பெரும்பாலும் போதும். ஒரு அக்கவுண்டில் நுழைய முடியாவிட்டால் நிரல் நிற்கவும் கூடாது, சத்தமில்லாமல் தாண்டவும் கூடாது. நுழைய முடியாதவை என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் வரட்டும்.

எஸ்சிபி (ஆர்கனைசேஷன் தன் அக்கவுண்டுகளுக்கு மேலிருந்து விதிக்கும் வரம்பு) போட்டுத் தடுத்திருக்கிறோம் என்று, ஆர்கனைசேஷனின் தலைமையான மேனேஜ்மென்ட் அக்கவுண்டை விட்டுவிடாதீர்கள். அதன் யூசர்களையும் ரோல்களையும் எஸ்சிபி கட்டுப்படுத்தாது.

கேள்வி: கூகுள் கிளவுட், அஷூர் இரண்டிலும் இதே வேலையைச் செய்ய என்ன நூலகம்?
— வாசகர், கோரமங்கலா

பதில்: கூகுளில் கிளவுட் அசெட் நூலகத்தின் 'சர்ச் ஆல் ஐஏஎம் பாலிசீஸ்'. ஆர்கனைசேஷன் மட்டத்தில் தேடுங்கள். புராஜெக்ட்டை மட்டும் கேட்டால், மேலே ஃபோல்டரிலிருந்து வழிந்து வரும் அனுமதிகள் தெரியாது. 'ஆல் யூசர்ஸ்', 'ஆல் ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' இரண்டையும் முதலில் தேடுங்கள். பிந்தையது உங்கள் கம்பெனி ஆட்கள் என்று தோன்றும், ஆனால் கூகுள் கணக்கு உள்ள யாரும் அதில் அடங்குவார்கள். அஷூரில் 'அஷூர் மேனேஜ்மென்ட் ஆதரைசேஷன்' தொகுப்பு ரோல் அசைன்மென்ட்களைத் தரும். ஆட்களின் பெயருக்குப் பதில் ஐடிதான் வரும், பெயருக்கு மைக்ரோசாஃப்ட் கிராஃப்பைக் கேட்க வேண்டும்.

கேள்வி: பட்டியல் தயார். தேவையில்லாததை எல்லாம் இந்த வாரமே நிரல் எழுதி அழித்துவிடச் சொல்கிறார் மேலாளர். பயமாக இருக்கிறது.
— வாசகி, பொம்மனஹள்ளி

பதில்: பயம் நியாயமானது. அழிக்கும் நிரலையும் தணிக்கை நிரலையும் ஒன்றாக வைக்காதீர்கள், ஒரே ரோலில் ஓட்டாதீர்கள்.

சாவியை நேரடியாக அழிக்காமல் 'அப்டேட் அக்சஸ் கீ' மூலம் 'இன்ஆக்டிவ்' ஆக்குங்கள். எங்காவது எதாவது நின்றால் ஒரு நிமிஷத்தில் திரும்பத் திறக்கலாம். அழித்த சாவி திரும்பாது. முடக்கும் முன் 'கெட் அக்சஸ் கீ லாஸ்ட் யூஸ்டு' அழைத்தால் கடைசியாகத் தொட்ட சர்வீஸும் ரீஜியனும் தெரியும். அதை வைத்தே பல நேரம் அந்தச் சாவி எந்த நிரலுக்குள் ஒளிந்திருக்கிறது என்று ஊகித்துவிடலாம். இரண்டு வாரம் காத்திருந்து அழியுங்கள். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் ஓடும் அக்கவுண்ட் என்றால் ஒரு முழு மாதம் காத்திருங்கள். வெள்ளிக்கிழமை மாலை முடக்க வேண்டாம்.

ரோலின் பாலிசியைப் பிரிக்கும் முன் அதன் ஜேசன் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்லைன் பாலிசியை நீக்கினால் வேறெங்கும் நகல் இருக்காது. கசிந்த ரோல் என்றால் டிரஸ்ட் பாலிசியை மாற்றுவது மட்டும் போதாது. ஏற்கெனவே கொடுத்த தற்காலிகச் சாவிகள் காலாவதியாகும் வரை வேலை செய்யும். குறிப்பிட்ட நேரத்துக்கு முன் வழங்கிய டோக்கன்களை மறுக்கும் டினை ஒன்றை அந்த ரோலில் சேர்க்க வேண்டும். யூசரை அழிக்கும்போது 'டெலிட் கான்ஃப்ளிக்ட்' வந்தால், அவருடைய சாவிகள், கடவுச்சொல், எம்எஃப்ஏ, குரூப், பாலிசிகள் எல்லாவற்றையும் முதலில் விடுவிக்க வேண்டும் என்று பொருள்.

யார் எப்போது அந்த அனுமதியைக் கொடுத்தார் என்று மேலாளர் கேட்பார். அக்கவுண்டில் நடப்பதைப் பதிவு செய்யும் கிளவுட்டிரெய்லின் 'லுக்அப் ஈவென்ட்ஸ்' அழையுங்கள். ஐஏஎம் மாற்றங்கள் வர்ஜீனியா ரீஜியனில்தான் பதிவாகும், மும்பையில் தேடினால் ஒன்றும் வராது. அங்கும் 90 நாள்தான் கிடைக்கும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவுப்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எஸ்3-க்குப் பதிவுகளை அனுப்பும் டிரெய்ல் ஒன்று உங்கள் அக்கவுண்டில் இருக்கிறதா என்று 'டிஸ்க்ரைப் டிரெய்ல்ஸ்' அழைத்துப் பாருங்கள். இல்லையென்றால், ஒரு சாவியைக்கூடத் தொடுவதற்கு முன்பு அதைத் திறந்துவிடுங்கள்.